காற்பங்கும் அரைப்பங்கும்

வகுப்பில் பாடம் முடிகிறது. "விளங்கிற்றா?" என்று ஆசிரியர் வினவுகிறார். "ஓம், சேர்" என்று நாற்பது குரல்கள் ஒருமித்து எழுகின்றன. உடனே ஒருவனை எழுப்பி, விளங்கியதைச் சொல்லுமாறு பணித்தால் அவன் தலை கவிழ்ந்து நிற்கிறான். ஆசிரியத் தொழில் புரிந்த எவருக்கும் இக்காட்சி புதிதன்று. அவன் பொய் சொன்னான் என்று கடிந்துகொள்வது எளிது. ஆனால், அவன் சொன்ன "ஓம்" மரியாதையின் பாற்பட்டது. குருவைத் தெய்வத்துக்கு அடுத்த நிலையில் வைத்தெண்ணும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, "விளங்கவில்லை" என்று கூறுவதையே ஆசிரியரைக் குறை கூறுவதாகக் கருதுகிறான்.

இதனைக் கண்டு, வினாவுக்கு இடங்கொடாத மரபு நம்முடையது என்று பழி கூறுவார் உளர். இக்கூற்று பொருந்துமா?

நன்னூலைக் கற்பிப்போருட் பலர் எழுத்ததிகாரத்திலிருந்தே தொடங்குகின்றனர்; பொதுப்பாயிரத்தைப் பெயரளவில் தொட்டுவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் முகப்பில், ஆசிரியன் பாடஞ் சொல்லும் முறையும் மாணாக்கன் பாடங் கேட்கும் முறையும் விரித்துரைக்கப்பட்டுள்ளன. மாணாக்கன் ஓவியத்தில் எழுதிய பாவைபோல அடங்கியிருந்து கேட்கவேண்டும் என்று அப்பகுதி விதிக்கிறது. இதனை நாம் இறுகப் பற்றிக்கொண்டோம். அதே பகுதி, கேட்டதைச் சிந்திக்கவும், ஒத்த மாணாக்கரோடு பயிலவும், வினவவும், பிறர் வினவியவற்றுக்கு விடையிறுக்கவும் வேண்டும் என்கிறது. இதனை நாம் மறந்தோம்.

அதற்கு மேலும் ஒரு கணக்கு அங்கே உண்டு. ஆசிரியன் கூறியதைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையின் காற்பங்கே. உடன்கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வருகிறது. எஞ்சிய அரைப்பங்கு, அவன் தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. ஆசிரியனை மலைக்கும் நிலத்துக்கும் ஒப்பிட்டுப் போற்றும் நூலே அவன் பங்கைக் கால் என்று அளந்து வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட கொள்கையுமன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கனே இளையோருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை 1789 முதல் நடத்திவந்த அந்திரு பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்தியபோது, கற்பிக்கும் பொறுப்பையும் மாணாக்கர் கையிலேயே ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஆயினும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து நடத்திய அப்பள்ளிகளில் அது வெறும் ஒப்புவித்தலாய்த் தேய்ந்தது. முறையை மட்டும் எடுத்துச் சென்று வினாவைக் கைவிட்டால் விளைவு இதுவே.

பண்பாட்டைக் கைவிடாமலே பயிற்றுமுறையை மாற்றலாம் என்பதற்கு நம்மவரிடையே சான்று உண்டு. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், செய்யுளை நெட்டுருப் பண்ணுவதோடு நில்லாமல், பிள்ளையின் வளர்ச்சிக்கேற்பப் படிப்படியாக அமைந்த பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதி அச்சிட்டார். மரபைக் காக்க எழுந்தவரே கற்பிக்கும் வழியைப் புதுக்கினார்.

இன்றோ ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கிக் கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை வரை, குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் பழக்கம் வேரூன்றி நிற்கிறது. பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்பு. அங்கும் ஒருவர் சொல்லப் பலர் எழுதுகின்றனர். காலையிலும் மாலையிலும் பிள்ளை பெறுவது அதே காற்பங்கைத்தான். மற்றைய முக்காற்பங்குக்கு நேரம் எங்கே?

பெருந் திட்டமெதற்கும் காத்திராமல் ஆசிரியர் ஒருவர் நாளையே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பாடத்தின் இறுதி ஐந்து நிமிடங்களில் "விளங்கிற்றா?" என்று கேட்பதை விடுத்து, "பக்கத்தில் இருப்பவனுக்கு இதனைச் சொல்லிக் காட்டு" என்று பணிக்கலாம். ஆசிரியர் முன் வாய் திறக்க அஞ்சும் பிள்ளை தோழனிடம் அஞ்சமாட்டான். சொல்லத் தொடங்கி இடையில் தடுமாறும்போது, தனக்கு விளங்காதது எதுவெனத் தானே காண்பான். அதன்பின் அவன் எழுந்து ஆசிரியரிடம் ஐயம் வினவினால், அதனை மரியாதைக் குறைவென்று கொள்ளாதிருப்பது நம் கடன்.