இரண்டு சிக்னல்... ஒரு கட்டில்!

ஜனவரி முதல் வாரம். அமெரிக்காவில் ஏதாவது ஒரு பெரிய நகரம். கோட் போட்ட இளைஞர்களும் பெண்களும் அந்தக் குளிரிலும் வேர்க்க விறுவிறுக்க ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொரு ஹோட்டலுக்கு ஓடுவார்கள். எல்லோரும் பொருளாதாரத்தில் பிஹெச்.டி முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள். பல்கலைக்கழக வேலைக்கான முதல் சுற்று இன்டர்வியூ பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்தது. 1885-ல் தொடங்கிய அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் ஆண்டு மாநாடு போடும் ஊரே வேலைச் சந்தையாகிவிடும்.

சந்தையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களின் சந்தையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. விண்ணப்பிப்பது சுலபம் என்பதால் ஒவ்வொருவரும் கண்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பித்தார்கள். பிரபல பல்கலைக்கழக மாணவி ஒருவர் சின்ன ஊர்க் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், ‘இவர் எங்கே இங்கே வரப்போகிறார்!’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அவருக்கோ அந்த ஊரில்தான் அம்மா வீடு இருக்கும். மேட்ரிமோனி தளத்தில் எல்லோருக்கும் விருப்பம் தெரிவிப்பவரை யார் நம்புவார்கள்?

2006-ல் சங்கம் ஒரு வழி செய்தது. யோசனையின் பின்னால் இருந்த குழுவுக்குத் தலைவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத். விண்ணப்பிப்பவர் தனக்கு நிஜமாகவே ஆர்வமுள்ள இரண்டு இடங்களுக்கு மட்டும் சங்கம் மூலமாக ‘சிக்னல்’ அனுப்பலாம். மூன்றாவது கிடையாது. அதனால்தான் அதற்கு மதிப்பு! சிக்னல் போன இடத்தில் இன்டர்வியூ கிடைக்கும் வாய்ப்பும் கூடியது.

இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களுக்கு, அறைக்குள் கிடந்த கட்டில் கண்ணில் படப் பல ஆண்டுகள் ஆனது.

தனி ஹால் எடுக்கப் பணமில்லாத கல்லூரிகள் சாதாரண ஹோட்டல் அறையிலேயே இன்டர்வியூ வைத்தன. நாற்காலி போதாவிட்டால் யாராவது கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். முன்பின் தெரியாத பேராசிரியர்கள், சாத்திய கதவு, நடுவில் படுக்கை. வேலை தேடி வந்த இளம்பெண்ணுக்கு ஆராய்ச்சியைப் பற்றி எப்படிப் பேச்சு வரும்?

2018-ல்தான் சங்கம் நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. அடுத்து எடுத்த சர்வேயில் 9,000-க்கும் அதிகமானோர் பதில் சொன்னார்கள். பெண் என்பதால் பாரபட்சம் காட்டப்பட்டதாகச் சொன்னவர்கள், பதில் தந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர்!

2020 ஜனவரி, சான்டியாகோ மாநாடு. படுக்கை போட்ட ஹோட்டல் அறையில் இன்டர்வியூ கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு மாநாடே கொரோனாவால் ஆன்லைனுக்குப் போனது. இன்டர்வியூவும் வீடியோ காலுக்கு மாறி, அங்கேயே தங்கிவிட்டது. இப்போது கட்டில் தெரியாதபடி லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டால் போதும்.