எரிபொருள் கணக்கைக் காற்றுக் கணக்கில் எழுதிய கதை

இ10 காலத்தில் என் பழைய காரின் ஃப்யூல் ட்ரிம் பிளஸ் 4 சதவீதத்தில் நின்றது. இ20 வந்ததும் 8-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால், "பத்தலை, இன்னும் ஊத்து" என்று ஆக்சிஜன் சென்சார் எஞ்சின் கணினியைக் கேட்கும். அப்படிக் கேட்டு வாங்குற கூடுதல் அளவுதான் ட்ரிம்.

8 எங்கிருந்து வந்தது? 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏன்னா அது ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே சுமந்து வருகிறது. 20 சதவீதம் கலந்தால் கணக்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் எரிபொருள். கலவை சற்றே கனமானது என்பதால் இன்ஜெக்டர் வழியே எடை கொஞ்சம் கூடுதலாகவே போய்விடும். மிச்சம் 8.

இதைச் சரிசெய்யத்தான் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தேன். கணினியில் காற்று நிரம்பும் விகிதத்துக்கு ஒரு பெரிய டேபிள் உண்டு. அத்தனை கட்டத்தையும் 1.08 ஆல் பெருக்கினேன். கோயம்புத்தூர் ரோட்டில் ட்ரிம் பூஜ்யம்! அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே...

அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினேன். இரண்டாவது கியரிலும் வண்டி இழுக்கவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. "மலைக் காத்து, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். பழைய பயணத்தின் பதிவை ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது: அதே வளைவுகளில் ஸ்பார்க் இப்போது 3 டிகிரி தாமதமாக வந்திருக்கிறது.

காரணம் இதுதான். என் வண்டியில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தம், காற்றின் வெப்பநிலை, சுழற்சி வேகம், அந்த டேபிள், இவற்றை வைத்துக் கணினி காற்றின் எடையைக் கணக்கிடும். அந்த ஒரே எண்ணை வைத்து எரிபொருளையும் முடிவு செய்யும், ஸ்பார்க்கையும் முடிவு செய்யும். இல்லாத காற்றை இருப்பதாக நான் சொல்லிவிட்டேன். எரிபொருள் சரியாக விழுந்தது. ஆனால் சிலிண்டர் நிரம்பி வழிகிறது, நாக்கிங் வந்துவிடும் என்று பயந்து கணினி ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளியது. எத்தனால் ஆக்டேன் கூடியது, நியாயமாக முன்னுக்குத் தள்ள இடம் கொடுத்திருக்கும்! சமவெளியிலும் இந்த நஷ்டம் இருந்திருக்கிறது, சக்தி மிச்சமிருந்ததால் உறைக்கவில்லை.

பிரேசில்காரர்களுக்கு இந்தக் குழப்பம் எப்பவோ வந்திருக்கிறது. 2003-இல் அங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ், எத்தனால் எவ்வளவு என்பதை ஆக்சிஜன் சென்சாரை வைத்தே ஊகித்தது. ட்ரிம் நகர்ந்தால் காரணம் எரிபொருளா, காற்றா? இப்படி ஊகிக்கும் கார்களில் வழக்கமான வழி ரொம்ப எளிது: டேங்க் மட்டம் ஏறியிருந்தால் மட்டும் எரிபொருள் மேல் சந்தேகப்படு.

டேபிளைப் பழையபடி வைத்தேன். 14.7 என்று இருந்த எண்ணை மட்டும் மாற்றினேன். இன்ஜெக்டர் கணக்கையும் சேர்த்து 13.6 வைத்தது பொருந்தியது. ஸ்பார்க் திரும்பி வந்துவிட்டது.

மலையில் மட்டும் ட்ரிம் இன்னும் பிளஸ் 3 காட்டியது. வெளிக்காற்று மெலிந்தால் சைலன்சர் பக்கம் எதிரழுத்தம் குறையும், சிலிண்டரில் பழைய புகை குறைவாகத் தங்கும், அதே மேனிஃபோல்டு அழுத்தத்தில் புதுக்காற்று கூடுதலாக நுழையும். இதற்குத் திருத்தம் கணினியில் இருக்கிறது. ஆனால் என் வண்டி வெளியழுத்தத்தைப் படிப்பது சாவி போடும் அந்த நொடியில்தான்; நான் ஏறும்போது அது இன்னும் மேட்டுப்பாளையத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் குன்னூரில் டீக்கு நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன். ட்ரிம் இறங்கிவிடுகிறது.