வீட்டுத் தோட்டத்தில் கொமட்சுனா

பாலக் கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம், அதன் சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதியை உடல் ஏற்கவிடாமல் தடுத்துவிடுகிறது. ஜப்பானியர் விரும்பி உண்ணும் கொமட்சுனாவில் இத்தடை மிகக் குறைவு. 100 கிராம் பச்சைக் கீரையில் ஏறத்தாழ 170 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கீரை, இன்றைய டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தைச் சார்ந்த கொமட்சுகாவாவின் பெயரால் வழங்குகிறது.

நிலமற்ற நகரவாசிகளும் இதனைத் தொட்டியில் வளர்க்கலாம். விதைகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, நெருக்கமாக முளைத்தவற்றைப் பிடுங்கிவிடல் வேண்டும். பிடுங்கிய இளஞ்செடிகளும் சமையலுக்கு உகந்தவையே. கோடையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும். குளிர்காலத்தில் இருமடங்கிற்கும் மேலான காலம் பிடிக்கும். எனினும், உறைபனி கண்ட இலைக்கே இனிப்பு மிகுதி.

வெப்பக் காலத்தில் இலையைத் துளைக்கும் வண்டுகளே பெருந்தொல்லை. விதைத்த அன்றே நுண்வலையால் பாத்தியை மூடுதல் நலம். பூச்சி புகுந்தபின் மூடுவது அதற்கே காவலிடுவதாகும்.