வருசத்துக்கு நாலாயிரம்தானே!

ஒவ்வொரு சித்திரையிலும் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும், டொமைனைப் புதுப்பிக்க நாள் நெருங்கிவிட்டது என்று. ஹோஸ்டிங்கும் சேர்த்தால் நாலாயிரத்து அறுநூறு ரூபாய். "நாலாயிரம்தானே, கெடக்கட்டும்" என்று கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இப்படியே ஆறு வருசம் ஓட்டியாச்சு. 2024 சித்திரையில்தான் முதல்முறையாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஈரோடு மஞ்சள், அவல்பூந்துறை, பெருந்துறை கொப்பரை ஏல விலைகளை அன்றன்றைக்குத் தமிழில் போடுகிற சின்னத் தளம் அது. 2011இல் தொடங்கினேன். அரசின் அக்மார்க்நெட் 2000த்திலிருந்தே இருக்கிறது. ஆனால் மாநிலம், சந்தை, பொருள் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து விலை பார்க்க நம்ம ஊர்க்காரருக்குப் பொறுமை ஏது? ஒரே பக்கத்தில் தமிழில் கொடுத்தால் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பார்க்கவும் செய்தார்கள். 2014இல் ஒரு நாளைக்கு 1,400 பேர் வரை வந்தார்கள். சொட்டுநீர்க் கடைக்காரர் ஒருவர் மாசம் 500 ரூபாய்க்கு விளம்பரம்கூடக் கொடுத்தார்.

அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. ஏலம் முடிந்த பத்தாவது நிமிசம் கரும்பலகையின் போட்டோ குரூப்பில் வந்துவிடுகிறது. 2016இல் இ-நாம் வந்தது. கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். விளம்பரம் வர வழி பிறந்தபோது வாசகர்கள் போய்விட்டிருந்தார்கள். ஆட்சென்ஸ் கணக்கில் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். என் கணக்கில் ஆறு வருசத்தில் சேர்ந்தது 61 டாலர். கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது.

இனி செலவு. தினமும் விலையைச் சேகரித்து, சரிபார்த்து, ஏற்ற 40 நிமிசம். வருசத்துக்கு 300 நாள் என்றால் 200 மணி நேரம். வெளி வேலைக்கு நான் வாங்குவது மணிக்கு 500 ரூபாய். அதையே போட்டால் ஒரு லட்சம். ஆறு வருசமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி தப்பு. "நாலாயிரம் கட்டலாமா" என்றல்ல, "இன்னொரு 200 மணி நேரம் கொடுக்கலாமா" என்று கேட்டிருக்க வேண்டும்.

போர் போட்ட வீட்டில் பிறந்தவனுக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும். 2003 வறட்சியில் எங்க அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்து தோட்டத்தில் நிறுத்தினார். 600 அடி வரை வெறும் புகை. "இவ்வளவு போட்டாச்சு, இன்னொரு நூறு அடி பாத்துரலாம்" என்றார். 700 ஆச்சு. மறுபடியும் நூறு. 820இல் கையில் காசு தீர்ந்துதான் நின்றது. தண்ணி வரவில்லை. அந்தக் கடன் அடைய நாலு வருசம் ஆனது.

ஆனால் போரில் ஒரு நல்லது இருக்கிறது. ஆழம் போகப்போக அடிக்கான ரேட்டு ஏறும். ஒவ்வொரு படியிலும் ரிக்காரர் வண்டியை நிறுத்தி, "மேல போலாங்களா?" என்று கேட்பார். பதில் சொல்லியே ஆகவேண்டும். இணையதளத்துக்கு அப்படி ஒருத்தர் கிடையாது. வருகிற பில்லும் சின்னது. நஷ்டம் முழுக்க நம் ராத்திரிகளிலிருந்து போகிறது, அதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. நாலு லட்சம் விழுங்குகிற தொழிலை மூடுகிறவர்கள், நாலாயிரம் கேட்கிற தளத்தை மூடாமல் இருப்பது இதனால்தான் என்பது என் எண்ணம்.

போட்ட காசுக்காகவே மேலும் போடுகிற இந்தப் புத்தியை ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துக் காட்டினார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக நாடகங்களுக்கு சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் போனார்கள். பிந்தைய பாதியில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. காசு கொடுத்த வலி மெல்ல ஆறுகிறது போல. எனக்கு ஆறவே இல்லை. வானவில் எழுத்துருவில் வரும் தாள்களை யூனிகோடாக மாற்ற 2012இல் மூணு மாசம் ராத்திரி முழித்து ஒரு நிரல் எழுதினேன். தளத்தை மூடலாமா என்று நினைக்கும்போதெல்லாம் அந்த நிரல்தான் கண்முன் வந்து நின்றது.

அதற்காக, வருமானம் இல்லாத தளத்தையெல்லாம் மூடிவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களால் நடக்கிறது, அதில் லாபம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அங்கே ஒருமுறை தட்டச்சு செய்து ஏற்றிய நூல் இருபது வருசம் கழித்தும் அப்படியே பயன்படும். நான் போடும் விலை சாயங்காலத்துக்குள் பழசு. இன்றோடு கையை எடுத்தால் அடுத்த வருசம் இது யாருக்காவது உதவுமா? உதவும் என்றால் விட்டுவையுங்கள், செலவு கொஞ்சம்தான். தினமும் ஊட்டினால்தான் உயிர் வாழும் என்றால் கணக்கே வேறு.

மூணாவது வழி கைமாற்றுவது. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி 2006இல் ஓர் அமைப்பின் கைக்குப் போய் மேலும் பல வருசம் ஓடியது. நானும் ரெண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இருவரும் தளத்தைப் புகழ்ந்தார்கள், எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ரிக்காரர் வேலையை நானே உண்டாக்கிக்கொண்டேன். தீபாவளிக்குள் தினசரி வாசகர் 200ஐத் தொடாவிட்டால் நிறுத்திவிடுவது என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். மனசில் மட்டும் வைத்திருந்தால் பொங்கல், சித்திரை என்று தள்ளிப்போட்டிருப்பேன். தீபாவளி அன்று பாட்களைக் கழித்துவிட்டு எண்ணினேன். 47. தாள் என் கைக்குத் திரும்பி வந்தது.

நிறுத்திய நாலாம் நாள் காங்கேயம் பக்கமிருந்து ஒரு போன். கொப்பரைக் களம் வைத்திருக்கும் பெரியவர். "ஏனுங் தம்பி, மூணு நாளா வெல போடலீங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்றேன். "அதுல போன வாரத்து வெலைய இன்னிக்கி அனுப்பிப் போடறாங்க தம்பி. தேதி இருக்கறதில்லீங்க. உங்களுதுல தேதி இருக்கும்" என்றார். பதிமூணு வருசத்தில் தேதிக்காக ஒருவர் என் பக்கத்தைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. ரெண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை. ஏல நாளில் அவருக்கு மட்டும் தேதி போட்டு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறேன்.

மூடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. டொமைனை அப்படியே காலாவதியாக விடாதீர்கள். டாட் காம் என்றால் சலுகை நாட்கள் போக, மீட்க 30 நாள், பிறகு 5 நாள், அதோடு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய இணைப்புகளுக்காகவே சூதாட்டக்காரர்கள் வாங்குவார்கள். விலை பார்க்க வந்த விவசாயி ரம்மி பக்கத்தில் போய் நிற்பார். ஆகவே ஹோஸ்டிங்கை மட்டும் விட்டேன், டொமைனுக்கு வருசம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறேன். பக்கங்களை நிலையான கோப்புகளாக்கி இலவச இடத்தில் வைத்தாச்சு. நிஜமாகவே எடுத்துவிட்ட பக்கங்களுக்கு 404 அல்ல, 410 கொடுத்தேன். 'காணவில்லை' என்பது வேறு, 'போய்விட்டது' என்பது வேறு.

ஜியோசிட்டீஸை 2009 அக்டோபர் 26 அன்று யாகூ மூடியபோது, யாரோ சில தன்னார்வலர்கள் முடிந்த மட்டும் நகலெடுத்ததால்தான் கொஞ்சமாவது மிஞ்சியது. நமக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை என்பதால் பதிமூணு வருச விலைப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக்கி முகப்பில் வைத்தேன், வேபேக் மெஷினிலும் சேமித்தேன். வேளாண் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதை இறக்கிக்கொண்டதாக எழுதினார்.

முகப்பின் உச்சியில் பெரிய எழுத்தில் "இந்தத் தளம் நிறுத்தப்பட்டது" என்று கடைசி விலையின் தேதியோடு போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டும் வாரத்துக்கு ஒருத்தர் கேட்டு எழுதுகிறார், இன்னிக்கு மஞ்சள் என்ன வெலைங்க என்று.