கலங்கரை விளக்கத்தின் ஒன்பதாம் மாடியிலிருந்து

குறிஞ்சிப்பாடி, கடலூர்ப் பக்கத்திலிருந்து சாந்தோமுக்குத் திருப்பயணம் செல்லும் குடும்பங்கள், பேராலயத்தில் மெழுகுதிரி ஏற்றி, மெரினாவில் கால் நனைத்துத் திரும்பிவிடுகின்றன. இரண்டிற்கும் அருகில் நிற்கும் கலங்கரை விளக்கத்தில் ஏறுவோர் சிலரே. சிதம்பரத்துக் கோபுரங்களையும் நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகளையும் தவிர வேறு உயரம் அறியாத நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது நம் எண்ணம்.

சென்னைக்கு இது நான்காவது விளக்கு. 1796-இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் எண்ணெய் விளக்குகளே எரிந்தன. 1844-இல் கருங்கல் தூண் எழுந்தது. 1894-இல் விளக்கு உயர்நீதிமன்றக் குவிமாடத்திற்கு ஏறிற்று. மெரினாவின் தென்கோடிக்கு வந்தது 1977-இல். ராஜீவ் காந்தியின் கொலையை அடுத்துப் பாதுகாப்புக் கருதிப் பார்வையாளருக்கு நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2013 நவம்பரில் மீண்டும் திறந்தது. ஒன்பதாம் மாடிவரை லிப்ட் உண்டு. முழங்கால் வலியுள்ள பாட்டிமாரும் தயங்க வேண்டியதில்லை!

மேலே சென்றதும் நம்மவர் கண் முதலில் தெற்கே பாய்கிறது. 1896-இல் அபிஷேகம் பெற்ற சாந்தோம் பேராலயத்தின் வெண்கோபுரம், சுமார் 155 அடி, ஏறத்தாழ நமக்கு நேராக நிற்கிறது. தென்மேற்கே, உள்நாட்டில், பரங்கிமலை. அங்கே குத்துண்டு மரித்த தோமையாரின் உடலைக் கடற்கரைக்குக் கொணர்ந்து அடக்கினர் என்பது மரபு. அந்த வழி எத்துணை நீளம் என்பது வரைபடத்தைவிட இங்கிருந்து பார்க்கையில் நன்கு விளங்குகிறது.

அதே திசையில், சற்று மேற்கே, மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் கோபுரமும் உண்டு. பழைய கோயில் கடலோரத்தில் இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தபின் இன்றுள்ள இடத்தில் புதிதாய் எழுந்ததென்றும் வரலாற்றாளர் கூறுவர். இதனைப் பிள்ளைகளிடம் மறைத்துத் தோமையாரை மட்டும் சொல்லி இறங்குவது முறையன்று. அண்டை வீட்டார் அறிந்த செய்தியை நம் பிள்ளைகள் நம் வாயால் கேட்பதே நன்று.

வடக்கே திரும்பினால் ஐஸ் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகம். அவற்றுக்கப்பால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் பக்கம் புனித ஜார்ஜ் கோட்டை. இதில் நமக்கும் பங்குண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர் அக்கோட்டையைப் பிடித்தபோது, ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. அங்கே தப்பியோடி வந்தவர்களுள் ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தரும் ஒருவர். 1752 வரை நம்மூர்க் கோட்டைக்கே முதலிடம். 1758-இல் லாலி அதனைப் பிடித்துத் தகர்த்தார். பின் சென்னையையும் முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் வெறுங்கையோடு பின்வாங்கினார். ஆகவே இங்கே சட்டமன்றம் கூடுகிறது. தேவனாம்பட்டினத்தில் இடிசுவர் கிடக்கிறது.

கடற்பக்கம் குனிந்து பார்க்கப் பலர் மறந்துவிடுகின்றனர். காலடியில் நொச்சிக்குப்பத்துப் படகுகள். பேராலயத்தின் பின்னுள்ள தோமையார் கம்பத்தைக் கடல் தாண்டாது என்பது மக்கள் நம்பிக்கை. 2004 டிசம்பர் 26-க்குப் பின் அதனைப் பலர் வியந்து பேசினர். ஆயினும் அன்று காலை இக்கரையிலும் உயிர்கள் போயின. நம் கடலூர்க் கரையிலோ நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுக்காக அந்த உயரத்தில் ஒரு பரலோக மந்திரம் சொல்ல இடமுண்டு.

புறப்படுமுன் திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்; நாள்தோறும் திறப்பதில்லை. காலையில் செல்வது நலம். வெயில் முதுகுப்புறம் இருப்பதால் மேற்கே மயிலாப்பூர் முழுதும் கண் கூசாமல் தெரியும்.