பஞ்சின் மேல் நடப்பது போல

ஆண்டு மலருக்கு ரயில்வே சிக்னலைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி நம் ஆசிரியர் கேட்டிருந்தார். 38 ஆண்டுகள் அந்த வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் அவர் கேட்டது நியாயம்தான். சிக்னலைப் பற்றியும் கொஞ்சம் வரும். ஆனால் நான் சொல்ல விரும்புவது நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். மனைவிக்கோ கணவனுக்கோ மனநோய் என்று ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்து, அது முழுக்கச் சரிதானா என்ற சந்தேகமும் வந்துவிட்டால், கூட இருப்பவர் என்ன செய்வது?

என் மனைவியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. என் பேரை மட்டும் போடாதீங்க, ஊர்ல அக்கா படிச்சா அழுவா" என்றாள்.

2014-ஆம் ஆண்டு. நாங்கள் நாக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவளுக்கு அப்போது 50 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. அந்த ஆண்டு கோடையில் தூக்கம் குறைந்தது. பிறகு எதற்கெடுத்தாலும் அழுகை. பிறகு மாடி வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், ராத்திரியில் அது காதில் விழுகிறது என்று சொல்லத் தொடங்கினாள். கோலம் போடுவதை நிறுத்திவிட்டாள். முப்பது வருடத்தில் நான் பார்க்காதது அது.

அந்தச் சமயம் ஒரு ஸ்டேஷனில் புதிய இன்டர்லாக்கிங் மாற்றும் வேலை. பத்து நாள் நான் லைனில். வீட்டில் நிலைமை முற்றவே, பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள், தங்கமான மனுஷி, அவளை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். என் மனைவிக்குக் காய்கறி வாங்கும் அளவுக்கு இந்தி தெரியும். உடம்பில் நடப்பதைச் சொல்லும் அளவுக்குத் தெரியாது. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்பதை அவள் தெரிந்த இந்தியில் சொல்ல, அந்த அம்மாள் புரிந்துகொண்டபடி எடுத்துச் சொல்ல, டாக்டரின் சீட்டில் அது "தரை பஞ்சாகிவிட்டது என்கிறார்" என்று ஏறிவிட்டது. அதற்கு மேல் வரியில் "அயலார் குரல் கேட்கிறது." இரண்டையும் சேர்த்துப் படித்தால் யாருக்கும் என்ன தோன்றும்? மனப்பிரமையுடன் கூடிய தீவிர மனச்சோர்வு என்று முடிவாகி, இரண்டு மாத்திரைகள் எழுதப்பட்டன.

மாத்திரையால் தூக்கம் வந்தது, பயமும் கொஞ்சம் தணிந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நடை மோசமாகிக்கொண்டே போனது. இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். இரண்டாவது முறை போனபோது மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

இங்கே சிக்னலுக்கு வருகிறேன். தண்டவாளத்தில் வண்டி நிற்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க டிராக் சர்க்யூட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு முனையில் சிறிய மின்சாரம் கொடுத்து மறுமுனையில் ஒரு ரிலேயை வைத்திருப்போம். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே விழும், பேனலில் சிவப்பு தெரியும். மழைக்காலத்தில் ஜல்லியில் சேறும் தண்ணீரும் தேங்கினால் மின்சாரம் ஜல்லி வழியாகவே கசிந்து, வண்டியே இல்லாமல் சிவப்பு காட்டும். புதிதாக வந்த பையன்கள் உடனே ரிலேயைக் கழற்றி மாற்றுவார்கள். ரிலேயில் ஒரு குறையும் இருக்காது. பெட்டிக்குள்ளேயே தேடினால் இந்தக் கோளாறு அகப்படாது, வெளியே இறங்கி ஜல்லியைப் பார்க்க வேண்டும்.

அந்த வேலையில் பழகிய பழக்கத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எங்கள் ஃபெயிலியர் ரிஜிஸ்டர் மாதிரிதான். "இன்று ரொம்ப மோசம்" என்றெல்லாம் எழுதவில்லை. இரவு 2.10-க்கு எழுந்தாள், கதவை மூன்று தடவை பார்த்தாள். காலை மாத்திரை 8 மணிக்கு. சாப்பாடு இரண்டு இட்லி, நாக்கு எரிகிறது என்றாள். குளியலறை வாசலில் கால் தடுமாறியது. மாத்திரையின் அளவு மாறிய தேதிக்குச் சிவப்பு மையில் கோடு. இந்தக் கோடு முக்கியம். மனநோய் மாத்திரைகளில் சிலவற்றால் கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும் வரும், ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பும் வரும். நோய் முற்றியதால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று தேதியைப் பார்த்தால்தான் டாக்டருக்குத் தெரியும்.

ஆறு வாரக் குறிப்போடு, லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்தேன். அங்கே ஒரு பொது மருத்துவர், வயதான அம்மையார். என் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பேச விடவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா" என்று அவளைக் கேட்டார். அவள் முதலில் சொன்னதே பஞ்சு மேல் நடக்கிற கதைதான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். தெரியவில்லை. நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தாள், நான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மில்லிலிட்டருக்கு 98 பைக்கோகிராம் என்று வந்தது. 200-க்குக் கீழே போனால் குறைபாடு என்பது பொதுவான கணக்கு.

பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு, முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புகள் பழுதானால் வருவது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது. கண் திறந்திருக்கும்வரை சமாளிக்கலாம், இருட்டிலும் கண்ணை மூடினாலும் தள்ளாடும். பி12 குறைந்தால் இந்த நரம்புகளும் கெடும், மூளையும் பாதிக்கப்படும். மறதி, சோர்வு, சந்தேகம், இல்லாத குரல் கேட்பது வரை போகலாம்.

தாவர உணவில் பி12 கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிட்டால் உடம்பு அதை உறிஞ்சுவது குறையும். நெஞ்செரிச்சலுக்கென்று வருடக்கணக்காக விழுங்குகிறோமே, ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், அவையும் குறைக்கும். நம் சங்கத்தில் ஐம்பது தாண்டியவர்களில் இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்தாத ஆளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்!

"ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சிலர் இதை ஒதுக்கிவிடுவது உண்டு. 1988-இல் அமெரிக்காவில் லிண்டன்பாம் என்பவரும் அவர் குழுவினரும் பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, ரத்த அணுக்கள் பெருத்திருக்கவும் இல்லை. ஆகவே சாதாரண ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது என்பதால் இது இல்லை என்று ஆகாது.

இதுபோல் மனநோய் வேஷம் போடும் உடல் நோய்கள் வேறும் உண்டு. தைராய்டு குறைவால் புத்தி பேதலித்த 14 பேரைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய டாக்டர் 1949-இலேயே எழுதினார். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் பேச்சு தடுமாறும். மூளையில் ஏற்படும் ஒருவகை எதிர்ப்புச்சக்திக் கோளாறு, பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது, 2007-இல்தான் டால்மாவ் என்பவரின் குழுவால் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் அது எத்தனை வீடுகளில் பைத்தியம் என்றும் பேய் என்றும் பெயர் வாங்கியதோ. ஐம்பதை நெருங்கி முதன்முதலாக வரும் மனக்கோளாறு, திடீரென்று வந்தது, ஜுரம், வலிப்பு, நடை மாற்றம், மரத்துப்போதல் கூட வந்தது, புதிய மாத்திரை தொடங்கியபின் வந்தது என்றால், "டாக்டர், இது வேறு எதுவாகவும் இருக்கலாமா?" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஊசி போட ஆரம்பித்தார்கள். முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஆறு வாரத்தில் மாடி வீட்டார் பேசுவது நின்றது. நாக்கு எரிச்சல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் கோலம் இருந்தது. ஆனால் இதை அதிசயக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதத்தின் மரப்பு பாதிதான் போயிற்று. மீதி இன்றுவரை இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் அதுவும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். மனச்சோர்வு முழுக்கப் பி12-ஆல் வந்ததா, அது தனியாகவும் இருந்ததா என்று கேட்டேன். "இரண்டும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது" என்றார். பிரமைக்கான மாத்திரையை ஒரு மனநல மருத்துவர் ஆறு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மனச்சோர்வு மாத்திரையில் சிறிய அளவு ஒன்று இன்னும் தொடர்கிறது. அதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் கதையைக் கேட்ட ஓர் அன்பர், தன் மகனுக்கும் வெறும் வைட்டமின் குறைவுதான் என்று முடிவுகட்டி மனநோய் மாத்திரைகளை நிறுத்தப் போனார். பெரும்பாடுபட்டுத் தடுத்தேன். சந்தேகம் வந்தால் பரிசோதனையைக் கூட்டுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து. ஊரிலிருந்து போன் செய்தவர்கள் செய்வினை என்றார்கள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கச் சொன்னார்கள். பொங்கல் வைத்தோம், மாத்திரையும் நிற்கவில்லை.

"மாடி வீட்டில் பேசறாங்க, உங்களுக்குக் கேட்கலையா?" என்று நடுராத்திரியில் மனைவி கேட்டால் என்ன சொல்வது? கேட்கிறது என்றால் பொய். உளறாதே என்றால் அவள் ஒரேயடியாகத் தனியாகிவிடுவாள். "எனக்குக் கேட்கலை. ஆனா நீ பயப்படறது தெரியுது. நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லி விளக்கைப் போட்டுப் பால் காய்ச்சுவேன். நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. டியூட்டியில் கண் சொருகியது உண்டு. என் உதவியாளர்களிடம் விஷயத்தைச் சொல்லி, நான் போட்ட இணைப்பை இன்னொருவர் சரிபார்க்கும்படி வைத்துக்கொண்டேன். மறைத்திருந்தால் வேலையிலும் ஆபத்து.

இப்போது சில வசதிகள் வந்திருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. இரண்டாவது டாக்டரிடம் போகும்போது அந்தக் காகிதங்கள் வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நாக்பூரில் இருந்துகொண்டு தமிழில் மனதைச் சொல்ல 2014-இல் எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

மொழி பற்றிய வேண்டுகோளுடன் நிறுத்திக்கொள்கிறேன். நம்மில் பலர் வீட்டுப் பெண்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், தமிழில் மட்டுமே வலியைச் சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களோடு மருத்துவமனைக்கு வந்து, அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் இந்தியிலும் மராட்டியிலும் எடுத்துச் சொல்ல நானும் சங்கத்தில் இன்னும் இரண்டு பேரும் தயாராக இருக்கிறோம். முதல் நாளே செயலாளரிடம் சொல்லிவிட்டால் போதும். செவ்வாய்க்கிழமை காலை மட்டும் எனக்குத் தோதுப்படாது. மாதத்தில் ஒரு செவ்வாய் அவளுக்கு ஊசி, மற்ற செவ்வாய்களில் அவள் என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.