அளவுகோல் யார் கையில்?: கூடைப்பந்தின் 'ஆகப் பெரியவர்' பற்றிய சொல்லாடல்

1

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் 1961-62 பருவத்தில் நடந்த ஒரு காரியத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வில்ட் சேம்பர்லின் அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள். இரண்டையும் இன்றுவரை ஒருத்தரும் தாண்டவில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்' விருது அவருக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸலுக்குப் போயிற்று. ரஸலின் சராசரி 19 புள்ளிகூட இல்லை.

அந்நாளில் இந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் சக ஆட்டக்காரர்கள். அதே பருவத்தில் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த 'முதல் அணி'யில் இருந்தவரோ சேம்பர்லின். ரஸலுக்கு இரண்டாம் அணியில்தான் இடம். ஆக, களத்தில் இடிபட்டு ஆடுகிறவன் ஒருத்தனைப் பெரியவன் என்கிறான்; ஓரமாக உட்கார்ந்து பார்த்து எழுதுகிறவன் இன்னொருத்தனைச் சொல்கிறான். 1980-81 பருவத்திலிருந்து மதிப்புமிக்கவர் விருதுக்கான வாக்கும் ஊடகத்தார் கைக்குப் போய்விட்டது. 'எக்காலத்துக்கும் ஆகப் பெரியவர் யார்' என்கிற இன்றைய ஓயாத விவாதத்தை இந்தக் கைமாற்றத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது என்று நினைக்கிறேன். யார் பெரியவர் என்பதற்கு முன்னால், யார் அளக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

2

எண்கள் பொய் சொல்லாது என்பார்கள். சரி, சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அவை பதில் சொல்லும். ரஸலின் பலம் தடுப்பாட்டம். எதிராளி எறியும் பந்தை அந்தரத்திலேயே மறிப்பது. இப்படி மறித்த பந்துகளை லீக் அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1973-74இல்தான். ரஸல் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பதிவேட்டின்படி பார்த்தால் மனுஷன் ஒரு பந்தைக்கூட மறிக்கவில்லை!

சேம்பர்லினின் 50.4ஐயும் தனியே பிய்த்தெடுத்து வாசிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் கூடையை நோக்கி எறிந்தது 100 தடவைக்கும் மேல். இப்போது ஏறக்குறைய 90. கூடுதல் நேரத்தையும் சேர்த்து அவர் சராசரியாக ஆடியது 48.5 நிமிடம், ஆட்டமே 48 நிமிடம்தான். மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80இல். புள்ளிவிவரம் என்பது ஆட்டத்தின் நிழற்படம் அல்ல. எதைப் பதிவு செய்வது, எதை விடுவது என்று சிலர் முடிவெடுத்து உருவாக்கிய ஒரு பிரதி.

3

எண்கள் வேண்டாமென்றால் பட்டங்களை எண்ணலாமே என்று ஒரு கட்சி. ரஸல் 13 பருவங்களில் 11 பட்டம். மைக்கேல் ஜோர்டன் 6. லெப்ரான் ஜேம்ஸ் 4. முடிஞ்சது கதை. ஆனால் ராபர்ட் ஹாரி என்கிற ஆட்டக்காரர் 7 பட்டம் வாங்கிய அணிகளில் இருந்தார். அவரை ஜோர்டனுக்கு மேலே வைக்க இந்தக் கட்சியில் ஒருத்தரும் தயாரில்லை. ரஸல் வந்தபோது லீக்கில் இருந்தவை 8 அணிகள், இன்று 30. பட்டம் வாங்குவது அணி, பெயர் வாங்குவது ஒருத்தர். கூட்டு உழைப்பைத் தனியாள் கணக்கில் வரவு வைக்கிற இந்தப் பழக்கம் நமக்கொன்றும் புதிதல்ல.

இன்னொரு வாதம்: ஜோர்டன் 6 முறை இறுதித் தொடருக்கு வந்து ஆறிலும் ஜெயித்தார், லெப்ரான் 10 முறை வந்து 6 முறை தோற்றார், ஆகவே ஜோர்டனே பெரியவர். 1985, 1986, 1987 மூன்று வருஷமும் ஜோர்டனின் அணி முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியது. முதல் சுற்றில் தோற்றால் கணக்கில் வராது, கடைசிவரை வந்து தோற்றால் களங்கம். இதென்ன நியாயம்? இங்கே செயல்படுவது தர்க்கம் அல்ல. தோல்வியே அறியாத நாயகன் வேண்டும் என்கிற காவிய ஆசை. அந்த நாயகன் பெயரில் காலணியும் விற்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4

'விட்டுச்சென்றது' என்ற சொல்லைக் களத்துக்கு வெளியேயும் நீட்ட வேண்டியிருக்கிறது. 1961இல் கெண்டக்கியின் லெக்சிங்டன் நகரில் கறுப்பர்களுக்கு உணவு பரிமாற மறுத்தபோது, ரஸலும் சக கறுப்பு ஆட்டக்காரர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினார்கள். 1966இல் அவர் அந்த லீக்கின் முதல் கறுப்புத் தலைமைப் பயிற்சியாளரானார். 1990இல் வட கரோலினா செனட் தேர்தலில் கறுப்பு வேட்பாளர் ஹார்வி காண்ட்டை ஜோர்டன் பகிரங்கமாக ஆதரிக்கவில்லை. நன்கொடை அனுப்பியதாகப் பின்னாளில் சொன்னார். நிறவெறிக்கு எதிராக வாய் திறந்த லெப்ரானோ, 2019இல் ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்த ஓர் அணி நிர்வாகியை விஷயம் புரியாதவர் என்றார். மகான்களின் பட்டியல் இங்கும் தேறாது.

'ஆட்டத்தை ஆட்டமாப் பாருங்க, அரசியல் எதுக்கு?' என்று கேட்கலாம். பதிலாக ஆஸ்கர் ராபர்ட்சனைச் சொல்வேன். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்தபடி 1970இல் லீக்கின் மேல் வழக்குப் போட்டவர். 1976இல் வந்த சமரசம், ஆட்டக்காரரை ஓர் அணியோடு கட்டிப்போடும் முறையைத் தளர்த்தி, அணி மாறும் உரிமைக்கு வழி திறந்தது. 2010இல் லெப்ரான் தன் இஷ்டப்படி மயாமிக்குப் போனது இப்படித் திறந்த வழியில்தான். இன்றைய ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றிய இந்தச் செயலுக்குப் புள்ளிவிவர அட்டவணையில் ஒரு கட்டம் கிடையாது.

5

பட்டியலுக்கே வராதவர்களும் உண்டு. 'எக்காலத்துக்கும் ஆகப் பெரியவர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'கோட்', அதாவது ஆடு. நியூயார்க் தெருக்களில் ஆடிய ஏர்ல் மானிகால்ட்டின் பட்டப்பெயரும் அதுவேதான். போதைக்கும் சிறைக்கும் வாழ்க்கையைக் கொடுத்த அவர் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 2004 முதல் 2024 வரை 6 ஒலிம்பிக் தங்கம் வென்ற டயானா டவ்ராசியின் பெயர் இந்த விவாதத்தில் வருவதேயில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பதற்குக்கூட ஆளில்லை.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? 'எல்லாம் சார்புநிலைதான்' என்று கைகழுவுவதை நான் ஏற்கவில்லை. அது ஏற்கனவே உட்கார்ந்திருப்பவரை உட்காரவைத்தே விடும். ஒப்பிடலாம், ஒப்பிட வேண்டும். ஆனால் மூன்றைச் சொல்லிவிட்டுச் செய்யணும்: எந்த விதிகளுக்குள் அவர் ஆடினார்; எது எண்ணப்பட்டது, எது எண்ணப்படவில்லை; அவருக்குப் பின் ஆட வந்தவர்களுக்கு எது சாத்தியமாயிற்று. மூன்றாவதை முதன்மையாக வைத்தால் என் வாக்கு ரஸலுக்கும் ராபர்ட்சனுக்கும். உங்கள் வாக்கு வேறாக இருக்கலாம். அளவுகோலை மறைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்லுங்கள், பேசலாம்.